தெற்காசிய நாடுகளின் எரிசக்தி, மின்சாரப் புள்ளிவிவரங்களை ஒப்பிடும்படி தொகுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம், பூட்டான் ஆகிய நாடுகளின் எண்களை ஒரே அட்டவணையில் கொண்டுவர வேண்டிய ஆய்வாளர்கள், மாணவர்கள், பத்திரிகையாளர்களுக்காக இந்தப் பக்கம். மற்ற வளரும் நாடுகளுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒவ்வொரு நாடும் தன் எண்களை வெளியிடுகிறதே. அப்படியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதாதா?

போதாது. ஒரு எண்ணுக்குப் பின்னால் நான்கு தீர்மானங்கள் இருக்கின்றன: எந்தக் காலத்தின் கணக்கு, எதையெல்லாம் உள்ளே சேர்த்தார்கள், எந்த அலகு, எந்த மாற்றுமுறை. இரண்டு நாடுகள் இந்த நான்கிலும் ஒத்துப்போவது அபூர்வம். தரவரிசையில் ஒரு நாடு மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் பல நேரங்களில் அந்த நாட்டு மக்களின் நுகர்வால் அல்ல, தொகுத்தவர் பயன்படுத்திய பெருக்கல் எண்ணால்தான். ஆகவே எண்களைத் தேடுவதற்கு முன்பே இந்த நான்கையும் முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவான விதிமுறை ஏதாவது உண்டா?

உண்டு. எரிசக்திப் புள்ளிவிவரங்களுக்கான பன்னாட்டுப் பரிந்துரைகளை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2011-ல் ஏற்றுக்கொண்டது. எதை நிலக்கரி என்பது, எதைப் பழுப்பு நிலக்கரி என்பது, யாரை மின்னுற்பத்தியாளர் என்பது எல்லாம் அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. ஐ.நா. புள்ளியியல் பிரிவு ஆண்டுதோறும் நாடுகளுக்குக் கேள்விப்படிவம் அனுப்பி, வரும் விடைகளைத் தொகுத்து வெளியிடுகிறது. சர்வதேச எரிசக்தி முகமையும் தனியாக ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது.

அப்படியானால் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்றால், மேலோட்டமான ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாடு விடை அனுப்பாத இடங்களை மதிப்பீடுகளால் நிரப்பியிருப்பார்கள். அடிக்குறிப்பைப் படிக்காமல் அந்த மதிப்பீட்டை அளவீடாக எடுத்துக்கொள்ளும் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது. துறைவாரியாக, மாநிலவாரியாக வேண்டுமென்றால் எப்படியும் தேசிய மூலங்களுக்குத்தான் போக வேண்டும்.

எந்த நாட்டில் யாரிடம் போவது?

இந்தியாவில் மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம், எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு, நிலக்கரிக்கு நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். இலங்கையில் நிலைபெறுதகு வலுசக்தி அதிகாரசபை முழுச் சமநிலை அட்டவணையையும் (எரிசக்தியின் வழங்கல், உருமாற்றம், நுகர்வு மூன்றையும் வரிவரியாகக் காட்டுவது) ஒரே இடத்தில் தருகிறது. மின்சார விவரத்துக்கு இலங்கை மின்சார சபையோடு, சில பகுதிகளில் மின்சாரம் விநியோகிக்கும் லெகோ நிறுவனத்தின் எண்களையும் பார்க்க வேண்டும். நேபாளத்தில் மின்சார அதிகாரசபை, எண்ணெய்க் கூட்டுத்தாபனம், நீர் மற்றும் எரிசக்தி ஆணையச் செயலகம். வங்கதேசத்தில் மின்சார மேம்பாட்டு வாரியமும், எரிவாயுவுக்கு அரசு நிறுவனமான பெட்ரோபங்களாவும்.

அலகுகளில் எங்கே சறுக்குகிறார்கள்?

நம் பக்கத்து அறிக்கைகளில் 'யூனிட்' என்றால் ஒரு கிலோவாட் மணி. மில்லியன் யூனிட் என்றால் ஒரு கிகாவாட் மணி. ஒரு கோடி யூனிட் 10 கிகாவாட் மணி. கோடியையும் மில்லியனையும் கலந்துவிட்டால் பிழை சரியாகப் பத்து மடங்கு. இரண்டு நாடுகளுக்கு இடையில் பத்து மடங்கு வித்தியாசம் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அடிப்படை மாற்றுகள் இவை. 1 கிலோவாட் மணி = 3.6 மெகாஜூல் = ஏறத்தாழ 860 கிலோகலோரி. எண்ணெய்க்கு நிகரான 1 டன் = 41.868 கிகாஜூல். ஆகவே 1 கிகாவாட் மணி = எண்ணெய்க்கு நிகரான 86 டன். பழைய ஐ.நா. அட்டவணைகள் நிலக்கரிக்கு நிகரான டன்னில் இருக்கும், அது 29.3 கிகாஜூல். இரண்டுக்கும் 'நிகரான டன்' என்ற பொதுப்பெயர் இருப்பதால் தலைப்பைச் சரியாகப் படிக்க வேண்டும்.

எரிவாயுவில் இரண்டு கண்ணிகள். எண்ணெய்த் துறை வழக்கில் எம்.சி.எஃப். என்றால் ஆயிரம் கன அடி, எம்.எம்.சி.எஃப். என்றால் பத்து லட்சம் கன அடி. முதல் எம்-ஐ மில்லியன் என்று படித்தால் ஆயிரம் மடங்கு தவறு. அடுத்தது வெப்பநிலை: 0 டிகிரியில் அளந்த ஒரு கனமீட்டர் வாயு, 15 டிகிரியில் 1.055 கனமீட்டராகிவிடும். ஐந்து சதவீதம் என்பது பல நாடுகளின் ஓராண்டு வளர்ச்சி.

சமையல் எரிவாயுவைச் சிலிண்டர் எண்ணிக்கையில் தந்தால் எடையைக் கேளுங்கள். வீட்டுச் சிலிண்டர் இந்தியாவில் 14.2 கிலோ, இலங்கையில் 12.5 கிலோ.

ஆண்டுக் கணக்கை எப்படி ஒரே வரிசைக்குக் கொண்டுவருவது?

இலங்கை ஜனவரி முதல் டிசம்பர். இந்தியா ஏப்ரல் முதல் மார்ச். வங்கதேசம் ஜூலை முதல் ஜூன். நேபாளத்தின் நிதியாண்டு ஜூலை நடுவில் தொடங்குகிறது, அதுவும் அந்நாட்டு நாட்காட்டியான விக்ரம் சம்வத்தில்: 2080/81 என்று இருந்தால் அது 2023 ஜூலை நடுவிலிருந்து 2024 ஜூலை நடு வரை.

சிறந்த வழி மாதக் கணக்கை எடுத்துக் கூட்டுவது. இந்தியாவின் மின்னுற்பத்திக்கு மாத அறிக்கை எளிதாகக் கிடைக்கிறது. மாதக் கணக்கு இல்லாவிட்டால் விகிதம் போடலாம்: 2023-க்கு இந்தியாவின் 2022-23-ல் கால் பங்கும் 2023-24-ல் முக்கால் பங்கும். டீசல், பெட்ரோலுக்கு இது ஓரளவு சரிப்படும். நேபாள நீர்மின்சாரத்துக்கு இந்த விகிதம் உதவாது. அங்கே பெரும்பாலான நிலையங்கள் ஆற்றோட்டத்தை நம்பியவை. மழைக்காலத்தில் உற்பத்தி குவியும், குளிர்காலத்தில் சுருங்கும். நிதியாண்டு முறியும் இடமோ மழைக்காலத்தின் நடுவில். பாதிப் பாதி என்று பிரித்தால் ஒரு நல்ல பருவமழையை இரண்டு ஆண்டுகளுக்குத் தவறாகப் பங்குபோட்டதாகிவிடும். மாதக் கணக்கு கிடைக்கவில்லையென்றால் நிதியாண்டாகவே விட்டு, குறிப்பு எழுதுவது மேல்.

நீர்மின்சாரத்தை முதன்மை எரிசக்தியாக எப்படிக் கணக்கிடுவது? இலங்கையின் எண்கள் ஏன் பெரிதாகத் தெரிகின்றன?

ஒப்பீட்டைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். முதன்மை எரிசக்தி என்பது மின்சாரம் போன்ற வேறு வடிவமாக மாற்றப்படுவதற்கு முன் உள்ள எரிசக்தி.

அனல் நிலையத்துக்குள் எவ்வளவு எரிபொருள் போனது என்று சொல்ல முடியும். நீர்மின் நிலையத்துக்குள் போன 'எரிபொருள்' எவ்வளவு? இதற்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. ஐ.நா.வும் சர்வதேச எரிசக்தி முகமையும் இன்று பின்பற்றும் முறையில், வெளியே வந்த மின்சாரமே முதன்மை எரிசக்தி: 1 கிகாவாட் மணிக்கு 86 டன் (இந்த விடையில் டன் என்பதெல்லாம் எண்ணெய்க்கு நிகரான டன்). மற்றொரு முறையில், அதே மின்சாரத்தை அனல் நிலையத்தில் தயாரித்திருந்தால் எவ்வளவு எரிபொருள் செலவாகியிருக்கும் என்று பார்ப்பார்கள். இலங்கையின் தேசியச் சமநிலை அட்டவணை பயன்படுத்துவது இந்த இரண்டாவது முறையை: 1 கிகாவாட் மணிக்கு 240 டன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓராண்டில் நீர்மின்சாரம் 4,000 கிகாவாட் மணி என்று வைத்துக்கொண்டால், முதல் முறையில் அது 3.44 லட்சம் டன், இரண்டாவதில் 9.6 லட்சம் டன். ஓடியதென்னவோ ஒரே தண்ணீர்தான். இரண்டாவது முறை இலங்கைக்குப் பொருத்தமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. வறட்சியாண்டில் நீர்மின்சாரம் குறைந்து, நுரைச்சோலையில் நிலக்கரி கூடுதலாக எரிந்தால், முதல் முறையில் நாட்டின் முதன்மை எரிசக்தி திடீரென்று உயர்ந்ததுபோலத் தோன்றும். இரண்டாவதில் அந்தத் துள்ளல் இருக்காது. உள்நாட்டுத் திட்டமிடலுக்கு அது வசதி. நாடுகளை ஒப்பிடும்போதுதான் சிக்கல்.

பூட்டானுக்கு இரண்டாவது முறையைப் போட்டால் இன்னும் விபரீதம். அங்கே உற்பத்தியாகும் நீர்மின்சாரத்தில் கணிசமான பகுதி இந்தியாவுக்கு ஏற்றுமதியாகிறது. உற்பத்தியில் 240 ஆகப் பிறந்த மின்சாரம் எல்லையைக் கடக்கும்போது 86 ஆகத்தான் கடக்கும். மிச்சம் 154 டன் பூட்டானிலேயே ஏதோ இழப்பானதுபோல அட்டவணையில் தங்கிவிடும். ஆகவே நாடுகளை ஒப்பிடும் அட்டவணையில் எல்லோருக்கும் 86 போடுங்கள். இலங்கையின் வெளியீட்டு எண்ணை கிகாவாட் மணிக்குத் திருப்பி, அங்கிருந்து மீண்டும் மாற்றுங்கள்.

காற்றுக்கும் சூரியசக்திக்கும் இதே விதி. அணுமின்சாரத்தில் மட்டும் வெப்பத்தைக் கணக்கிடுவார்கள், 33 சதவீதச் செயல்திறன் என்று வைத்து. கூடங்குளத்தின் ஒரு கிகாவாட் மணி அதனால் 261 டன்னாகிறது. புவிவெப்பத்துக்கு 10 சதவீதம்தான், அதாவது 860 டன். புவிவெப்ப மின்சாரம் மிகுந்த கென்யாவின் முதன்மை எரிசக்தியைப் பார்த்து வியப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

நிலக்கரிக்கு டன் கணக்கு இருந்தால் போதுமா?

நிலக்கரியைப் பொறுத்தவரை டன் என்பது எடைக்கு மட்டும்தான் சாட்சி, வெப்பத்துக்கு அல்ல. இந்திய மின்நிலையங்களுக்குப் போகும் உள்நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. கிலோவுக்கு 3,500 முதல் 4,500 கிலோகலோரி என்பது வழக்கமான வீச்சு. கப்பலில் வரும் நல்ல நிலக்கரி 6,000-ஐத் தொடும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதி எடை தண்ணீர். 2,400 முதல் 3,000 வரைதான். மூன்றையும் கூட்டி ஒரே சராசரியால் பெருக்கினால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வெப்பமதிப்பு போடுங்கள்.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு நிலையம் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ நிலக்கரி எரிக்கிறது, வெப்பமதிப்பு 3,600 என்றால் உள்ளே போனது 2,520 கிலோகலோரி. வெளியே வந்தது 860. செயல்திறன் 34 சதவீதம், நம்பலாம். அதே நிலையத்துக்கு யாரோ 6,000 என்ற பன்னாட்டு மதிப்பைப் போட்டிருந்தால் செயல்திறன் 20 சதவீதமாக விழும். இந்திய அனல் நிலையங்கள் அவ்வளவு மோசமில்லை. நிலக்கரி நிலையங்களுக்கு 28 முதல் 40 வரை, கூட்டுச்சுழற்சி எரிவாயு நிலையங்களுக்கு 45 முதல் 55 வரை, பெரிய டீசல் நிலையங்களுக்கு 35 முதல் 42 வரை இருந்தால் கவலையில்லை. அந்த வீச்சுக்கு வெளியே போனால் எங்கோ ஒரு எண் தவறாக இருக்கலாம்.

இன்னொரு நுணுக்கம். இந்தியாவில் 2012 முதல் நிலக்கரி மொத்த வெப்பமதிப்பின் அடிப்படையில் ஜி-1 முதல் ஜி-17 வரை தரம் பிரிக்கப்படுகிறது. அந்தத் தரம் ஆய்வகத்தில் குறிப்பிட்ட ஈரப்பதத்தில் நிலைநிறுத்தப்பட்ட மாதிரிக்கானது. நிலையத்தின் வாசலுக்கு வரும் நிலக்கரி அதைவிட ஈரமானது, வெப்பமதிப்பும் குறைவு. சுரங்கப் பக்கத்து எண்ணும் நிலையத்துப் பக்கத்து எண்ணும் பொருந்தாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மொத்த வெப்பமதிப்பு, நிகர வெப்பமதிப்பு இரண்டையும் கலக்கவே கூடாது. எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து தரும் வெப்பத்தையும் சேர்த்தால் மொத்தம், சேர்க்காவிட்டால் நிகரம். நிகரம் மொத்தத்தைவிட நிலக்கரியிலும் எண்ணெயிலும் சுமார் 5 சதவீதமும், இயற்கை எரிவாயுவில் சுமார் 10 சதவீதமும் குறைவு. பன்னாட்டு அட்டவணைகள் நிகரத்தில் உள்ளன.

மொத்த மின்னுற்பத்தியா, நிகர உற்பத்தியா?

இரண்டும் வேண்டும். நிலக்கரி நிலையம் தன் பம்புகள், விசிறிகள், அரவை ஆலைகளுக்கே 6 முதல் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். நீர்மின் நிலையத்துக்கு ஒரு சதவீதம் போதும். அதனால் நீர்மின்சாரமே மிகுந்த நேபாளத்துக்கு மொத்தத்தின் இடத்தில் நிகரத்தை வைத்தாலும் பெரிய தவறில்லை. இந்தியாவில் அப்படி அல்ல.

மின்னிழப்பு சதவீதங்கள் ஏன் ஒத்துப்போவதே இல்லை?

ஒரே பெயரில் மூன்று கணக்குகள் நடமாடுவதால். மின்கட்டமைப்புக்குள் 100 யூனிட் போய், 80-க்கு மட்டும் பில் போட்டால் கடத்தல், விநியோக இழப்பு 20 சதவீதம். பில் போட்டதில் 90 சதவீதம்தான் வசூலானது என்றால், இந்தியாவில் சொல்லப்படும் ஒட்டுமொத்தத் தொழில்நுட்ப, வணிக இழப்பு 1 − (0.8 × 0.9), அதாவது 28 சதவீதம். வசூலாகாத மின்சாரமும் நுகரப்பட்டதுதான். எரிசக்திச் சமநிலையில் அது இழப்பு அல்ல. இந்தியாவின் 28-ஐயும் இன்னொரு நாட்டின் 20-ஐயும் பக்கத்தில் வைத்துத் தலையங்கம் எழுதியவர்கள் உண்டு.

வகுக்கும் எண்ணையும் பாருங்கள். மொத்த உற்பத்தி 108, கட்டமைப்புக்குள் போனது 100, இழப்பு 20 என்றால், எதால் வகுத்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை 18.5 அல்லது 20.

மீட்டரே இல்லாத விவசாய பம்புசெட்டுகளை எப்படிச் சேர்ப்பது?

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இலவச மின்சாரம் பெறுகின்றன. பெரும்பாலானவற்றில் மீட்டர் வாசிப்பு கிடையாது. அவற்றின் நுகர்வு என்று அறிக்கையில் வருவது ஒரு மதிப்பீடு: மாதிரிக்கு எடுத்த சில இணைப்புகளின் அல்லது மின்மாற்றிகளின் அளவீட்டைக் குதிரைத்திறனுக்குப் பகிர்ந்து, மொத்தக் குதிரைத்திறனால் பெருக்குவார்கள். ஒரு லட்சம் குதிரைத்திறனுக்கு ஆண்டுக்குத் தலா 1,000 யூனிட் என்றால் 100 கிகாவாட் மணி. அதையே 1,200 என்று வைத்தால் 120. கூடுதல் 20 கிகாவாட் மணி வானத்திலிருந்து வரவில்லை. 'இழப்பு' என்ற வரியிலிருந்து 'விவசாயம்' என்ற வரிக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். இழப்பு திடீரென்று குறைந்த ஆண்டில் விவசாய நுகர்வு திடீரென்று கூடியிருந்தால் மதிப்பீட்டு எண் மாறியதா என்று கேளுங்கள். குஜராத்போல விவசாய மின்பாதையைத் தனியாகப் பிரித்த இடங்களில், பாதையின் தொடக்கத்திலுள்ள மீட்டரே நம்பகமான விடை தரும்.

ஒப்பீட்டு அட்டவணையில் இந்த இரண்டு வரிகளையும் தனித்தனியாகக் காட்டுவதோடு, கூட்டியும் ஒருமுறை காட்டுங்கள். கூட்டுத்தொகைதான் உறுதியானது.

தொழிற்சாலை ஜெனரேட்டர்கள், வீட்டுக் கூரை சோலார் இவை?

வாரியத்தின் உற்பத்தியை மட்டும் எடுத்தால் வங்கதேசத்தின் எரிவாயு ஜெனரேட்டர்கள் முழுவதும் விடுபடும். அங்கே ஆடைத் தொழிலும் நெசவாலைகளும் அவற்றில் பெரிதும் ஓடுகின்றன. இந்திய அறிக்கைகளில் சொந்த உபயோக மின்நிலையங்கள் தனி அட்டவணையில் இருக்கும், அதுவும் குறிப்பிட்ட கொள்ளளவுக்கு மேற்பட்டவை மட்டும். டீசல் ஜெனரேட்டரை மதிப்பிடும்போது ஒரு யூனிட்டுக்கு 0.27 முதல் 0.33 லிட்டர் என்று வைக்கலாம். ஆனால் அந்த டீசல் ஏற்கெனவே பங்க் விற்பனையில், 'போக்குவரத்து' வரியில் இருக்கிறது. அங்கிருந்து கழித்துவிட்டு இங்கே சேருங்கள். இல்லையென்றால் இரட்டைக் கணக்கு.

கூரை சோலாரில் மீட்டர் திட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இலங்கையின் 'நெட் பிளஸ்' முறையில் உற்பத்தி முழுவதும் தனி மீட்டர் வழியாகப் போவதால் அளவு தெரியும். 'நெட் மீட்டரிங்'கில் வீட்டுக்குள்ளேயே செலவான பகுதி எந்த மீட்டரிலும் பதிவாகாது. அதற்கு நிறுவிய ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,300 முதல் 1,500 யூனிட் என்று உற்பத்தியை மதிப்பிட்டு, மின்கட்டமைப்புக்கு அனுப்பியதைக் கழிக்க வேண்டும்.

விறகை அளக்கவே முடியாதே?

முடியும், நேரம் பிடிக்கும். ஆனால் நேபாளத்திலும் இலங்கையிலும் விறகை விட்டுவிட்டால் வீட்டு எரிசக்தியின் பெரும்பகுதியை விட்டதாகும்.

வீட்டாரிடம் 'மாதத்துக்கு எத்தனை கட்டு' என்று கேட்டு வாங்கும் விடையை நம்பாதீர்கள். கட்டின் எடை வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறும். கொக்கித் தராசில் விறகை நிறுத்து ஒதுக்கி வைத்து, அதிலிருந்து மட்டும் எரிக்கச் சொல்லி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை நிறுக்க வேண்டும். குறைந்தது மூன்று நான்கு நாள் தொடர்ந்து, அதில் ஒரு விடுமுறை நாளும் சேர வேண்டும். எத்தனை பேர் சாப்பிட்டார்கள், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சினார்களா, குளிக்க வெந்நீர் வைத்தார்களா என்று எழுதிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஒன்று, வறண்ட காலத்தில் ஒன்று என இரண்டு சுற்று அவசியம். மலைப்பகுதியில் குளிர்காலத்தையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து ஈரப்பதம். முள் குத்தும் மீட்டரால் கட்டைக்கு மூன்று இடத்தில், பிளந்த உட்பக்கத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்பட்டை எப்போதும் காய்ந்தே காட்டும். இந்த மீட்டர்கள் பெரும்பாலும் உலர் எடை அடிப்படையில் காட்டும். உலர் அடிப்படையில் 100 சதவீதம் என்பது ஈர அடிப்படையில் 50. தோராயமான வாய்ப்பாடு: ஈர அடிப்படையில் ஈரப்பங்கு w என்றால், கிலோவுக்கு 18.5 × (1 − w) − 2.44 × w மெகாஜூல். 20 சதவீத ஈரத்தில் 14 சொச்சம், பாதி ஈரமான பச்சை விறகில் 8. எடை ஒன்றே, வெப்பம் ஏறத்தாழ பாதி. அளவீடு இல்லாத இடத்தில், காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் பொது மதிப்பான 15.6 மெகாஜூலைப் போட்டு, மதிப்பீடு என்று குறியுங்கள்.

மரக்கரியாக விற்பதை மறக்க வேண்டாம். மரக்கரி கிலோவுக்கு 29.5 மெகாஜூல்; ஆனால் மூட்டம் போடும்போது மரத்தின் சக்தியில் பாதிக்கு மேல் போய்விடும். அந்த இழப்பு 'உருமாற்றம்' வரியில் வர வேண்டும்.

விமானத்துக்கும் கப்பலுக்கும் நிரப்பிய எரிபொருள்?

வெளிநாட்டுப் பயணத்துக்கு நிரப்பியதை நாட்டின் வழங்கலிலிருந்து கழிக்க வேண்டும். கொழும்புத் துறைமுகமும் கட்டுநாயக்க விமான நிலையமும் இருப்பதால் இலங்கையில் இதைத் தவறவிட்டால் நுகர்வு ஊதிப்போகும்.

மின்வசதி பெற்றோர் சதவீதத்தை ஒப்பிடலாமா?

வரையறையைப் பார்த்த பிறகு. 2004-ல் வந்த இந்திய வரையறைப்படி, பொது இடங்களுக்கு மின்சாரம் வந்து, 10 சதவீத வீடுகளுக்கு இணைப்பு இருந்தாலே அது மின்வசதி பெற்ற கிராமம். கிராம எண்ணிக்கை, வீட்டு எண்ணிக்கை, மக்கள் எண்ணிக்கை மூன்றும் வெவ்வேறு. வாரியங்கள் இணைப்புகளை எண்ணும். ஒரு வீட்டில் இரண்டு இணைப்பு இருக்கலாம், துண்டிக்கப்பட்டதும் பட்டியலில் இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் குடும்ப ஆய்வுகளும் கேட்பது விளக்கு எரிகிறதா என்று. குடும்ப ஆய்வை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

தலா நுகர்வில் கவனிக்க வேண்டியது?

வகுக்கும் மக்கள்தொகை. இந்தியாவின் கடைசி வெளியான கணக்கெடுப்பு 2011-க்கானது. அதற்குப் பிந்தையவை எல்லாம் கணிப்பு. எல்லா நாடுகளுக்கும் ஐ.நா.வின் நடுவாண்டு மதிப்பீட்டையே பயன்படுத்துங்கள். பூட்டானுக்குத் தலா உற்பத்தி போடுவது வீண். தலா நுகர்வுதான் போட வேண்டும்.

மின்வெட்டு ஆண்டுகளுக்கு நட்சத்திரக் குறி வையுங்கள். இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. அந்த ஆண்டின் சரிவைச் சிக்கனம் என்று யாராவது வாசித்துவிடக் கூடாது.

எக்செல் தாளை எப்படி அமைப்பது?

மூல எண் ஒரு நெடுவரிசையில், மூல அலகில், அறிக்கையில் இருந்தபடியே இருக்க வேண்டும். அதன்மேல் கை வைக்கக் கூடாது. பக்கத்தில் காலம், எதையெல்லாம் சேர்த்தார்கள் என்ற குறிப்பு, அறிக்கையின் பெயரும் பக்க எண்ணும், பதிவிறக்கிய தேதி, மாற்று எண். மாற்றிய மதிப்பு வாய்ப்பாட்டால் மட்டுமே வர வேண்டும். 86-ஐ நேரடியாகக் கலத்துக்குள் தட்டச்சு செய்யாமல் தனித் தாளில் வைத்து இணைத்தால், முறையை மாற்ற ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

சுழியமும் வெற்றிடமும் ஒன்றல்ல. பூட்டானில் அணுமின்சாரம் 0. பூட்டானில் சாண எரிபொருள் பற்றித் தகவல் கிடைக்கவில்லை என்றால் அது வெற்றிடம். கூட்டல் வாய்ப்பாடு இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும் என்பதால் வெற்றிடத்துக்கு ஒரு குறியீடு கொடுங்கள்.

முடிந்தபின் எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் கொள்ளளவுச் சோதனை: மெகாவாட்டை 8,760 மணி நேரத்தால் பெருக்கி, உற்பத்தியை அதால் வகுத்துப் பாருங்கள். ஒன்றைத் தாண்டினால் தவறு நிச்சயம், சோலாரில் 0.3-ஐத் தாண்டினாலே, பலகைகளின் கொள்ளளவுக்குப் பதில் இன்வெர்ட்டர் கொள்ளளவைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு மேலே சொன்ன செயல்திறன் சோதனை. அடுத்து, ஒரே ஆண்டில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறிய, இறங்கிய வரிகளுக்கெல்லாம் காரணம் தேடுங்கள்.

எல்லை தாண்டும் மின்சாரத்துக்கு இரு பக்க எண்களையும் எடுங்கள். பூட்டான் ஏற்றுமதி என்று சொல்வதும் இந்தியா இறக்குமதி என்று சொல்வதும் சில சதவீதம் வேறுபடலாம்: மீட்டர் இருக்கும் இடம் வேறு, ஆண்டு தொடங்கும் மாதம் வேறு. அதற்குமேல் போனால் விசாரியுங்கள்.

கடைசியில் வழங்கலுக்கும் நுகர்வுக்கும் இடையிலான புள்ளிவிவர வேறுபாடு. இரண்டு மூன்று சதவீதம் இருந்தால் இயல்பு. பல ஆண்டுகள் தொடர்ந்து சுழியமாகவே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். யாரோ ஏதோ ஒரு வரியில், அனேகமாக 'மற்றவை' வரியில், மிச்சத்தைத் தள்ளிச் சமன் செய்திருக்கிறார்கள்.